நாய்க்கு முப்பது நொடி
பிலோமினா தனியாகச் சாலையைக் கடந்தால் ஒன்பதே நொடியில் சிவப்பு விழுகிறது. வேலை செய்யும் வீட்டு நாயோடு கடந்தால் முப்பது நொடி பச்சை எரிகிறது. காரணம் அவளுக்குப் பிடிபடவில்லை. கால் புண்ணுக்குக் கட்டுப் போட ஊன்றுகோலோடு எதிர்ப்புற மருத்துவமனைக்குப் போகும் அவள் கணவர் சூசை, நேற்று நடுச்சாலையில் சிக்கி மயிரிழையில் உயிர் தப்பினார்.

சிக்னல் காவலர் விளக்கினார்: "அவங்கவங்க கட்டுற வரிக்கு ஏத்த நேரம்மா. நாயோட கழுத்துப்பட்டையில முதலாளியோட வரி நம்பர் இருக்கு, சிக்னல் அதைப் படிச்சுடும். நீதான் வரியே கட்டலியே."

"நான் வாங்குற சோப்பு, எண்ணெய், அவரு மாத்திரை எல்லாத்துக்கும் வரி உங்க மாமனாரா சார் கட்டுறாரு?"

"அது இதுல சேராதும்மா."

"நாய் சேரும், நான் சேர மாட்டேன். நல்லா இருக்கு சார் உங்க கவர்மெண்டு!"

மறுநாள் பிலோமினா நாயின் சங்கிலியைச் சூசையின் கையில் கொடுத்தாள். அவர் மெதுவாக நடந்து எதிர்ப்புற நடைபாதையில் ஏறும்வரை பச்சை எரிந்தது.