புளி போட்ட செப்புத் தகடு

“ஆரடா இதில கை வைச்சது?”

கெமிஸ்ட்ரி மாஸ்டர் ஸ்ரீஸ்கந்தராஜா போட்ட சத்தத்தில் மாத்தளைப் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடமே ஆடியது.

“நான்தானுங்க சார்,” என்றான் ஆய்வுகூட ஊழியன் செல்லச்சாமி. “பெரிய மனுசங்க வர்ற நாளு. தகடு கன்னங்கரேல்னு கெடந்துச்சு. நம்ம வீட்டுச் செம்பைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சேன்.”

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அது லேசுப்பட்ட தகடு இல்லை. அதை அடுப்பில் சுட்டு, உப்புத் தண்ணீரில் இறக்கி, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிறாராம். ஏழு மாதமாகச் சுடுகிறார். மீட்டர் ஊசி ஒரு நாளும் அசைந்ததில்லை. அதற்குள் வெற்றி வெற்றி என்று கொழும்புக்கு எழுதியும் விட்டார். இதோ, நேரில் பார்க்க வந்த பேராசிரியர் இராசலிங்கம் வாசலில் ஜீப்பை விட்டு இறங்குகிறார்.

“எல்லாம் நாசம்! நாளையில இருந்து நீ வேலைக்கு வரத் தேவையில்லை!”

செல்லச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுன் வேலைக்கு வந்த முதல் ஆள் அவன். இனி எந்த முகத்தோடு திரும்பிப் போய்த் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பது?

பேராசிரியர் உள்ளே வந்ததும், பழி போட ஆள் கிடைத்த தைரியத்தில் மாஸ்டர் தகட்டை உப்புத் தண்ணீரில் இறக்கி, மீட்டரை மாட்டி, ஜன்னல் வெயிலில் வைத்தார்.

ஊசி துள்ளியது.

“அடேயப்பா!” என்றார் பேராசிரியர். “வெயிலைப் பிடிக்கிறது அடியில இருக்கிற சிவப்புப் படலம். மேல இருந்த கறுப்பை மட்டும் எடுத்திருக்கிறீர். இதிலதானே எல்லாரும் கோட்டை விடுறது! என்னத்தால எடுத்தனீர்?”

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “ஒரு மெல்லிய தாவர அமிலம். ஏழு மாத ஆராய்ச்சி.”

“எவ்வளவு நேரம் தேய்ச்சனீர்?”

மாஸ்டருக்கு எங்கே தெரியும்? செல்லச்சாமியைப் பார்த்தார். அவன் மட்டும் வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும்.

செல்லச்சாமி வாயைத் திறந்தான். “ஒரு வாய் வெத்தல மென்னு துப்புற நேரம் போதும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?”

பேராசிரியர் குறித்துக்கொண்டார். “கெட்டிக்காரன். இப்பிடி ஒரு ஆள் கிடைக்கிறது கஷ்டம். விட்டிடாதேயும்.”

“விடுவனோ? இவன் எனக்குச் சொந்தத் தம்பி மாதிரி!”

செல்லச்சாமி கையைக் கட்டிக்கொண்டு பவ்வியமாகக் கேட்டான்:

“அப்ப நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா, அண்ணே?”