எட்டிப் பார்த்த லேசர்

குவாண்டம் ஆய்வகத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தரத்தில் மிதந்தபடி, மின்னேற்றம் பெற்ற ஒற்றை அணுவான ஓர் அயனி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதை மேய்க்கும் கணினிக்கோ இருப்புக்கொள்ளவில்லை.

“முடிச்சிடுச்சான்னு எட்டிப் பாருப்பா,” என்று நொடிக்கொரு தரம் லேசரை விரட்டியது.

லேசர் வெளிச்சம் பட்டாலே அயனி போட்ட கணக்கெல்லாம் கலைந்துவிடும். “அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், பார்க்காதீங்க!” என்று லேசரிடம் அழாக்குறையாகக் கெஞ்சிவிட்டு, அயனி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நாற்பதாவது தடவை லேசருக்கே மனசு கேட்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, “பாத்துட்டேன் சார், நடக்குது,” என்று துணிந்து புளுகியது. அயனி கூப்பிட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தது. விடை தயாராக இருந்தது.

கணினி பூரித்துப்போனது. “பாத்தியா? நான் விடாம கண்காணிச்சதாலதான் முடிஞ்சுது. நாளையிலேர்ந்து ரெண்டு மடங்கு பார்க்கணும்!”

“ஆகட்டும் சார்,” என்ற லேசர், அப்போதே கண்ணை மூடிக்கொண்டது.