மெத்தையேறிய கார்

டிரெய்லரில் ஏற்றிய காரின் பின்பக்கப் பட்டைகளை இறுக்குவதற்குள் டீ வந்துவிட்டது. டீயோடு தண்டபாணிக்குப் பட்டைகளும் மறந்துபோயின. பந்தயத் திடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மாடு ஒன்று குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினான். இழுத்து வந்த டிரெய்லருக்குள் தங்கையின் ரேஸ் கார் உருண்டு, தடுப்புப் பலகையை உடைத்துக்கொண்டு, முன்னறையில் அவன் படுக்கிற மெத்தைமேல் மூக்கை வைத்து நின்றது. ஓட்ட ஆளே இல்லாமல் ரேஸ் காரை நொறுக்கியவன், உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

போன பந்தயத்தில் கார் கவிழ்ந்ததிலிருந்து, “நல்லாத்தான இருக்கற?” என்று அவன் எத்தனை முறை கேட்டாலும், “மொதல்ல உன் தொப்பையப் பாருண்ணா” என்றே சுகந்தி நழுவிவந்தாள்.

இப்போது மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, காரின் நசுங்கிய மூக்கைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“வாய்க்கு வந்தபடி திட்டிரு புள்ள. பந்தயத்துக்குள்ள நிமித்திப்போடறேன்.”

“வேண்டாண்ணா.”

“ஏன், நீ ஓட்டலியா?”

அவள் காரிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஸ்டியரிங்கப் புடிச்சாலே கை நடுங்குதுண்ணா. வர்ற வழியெல்லாம், நீ இத எங்கியாச்சும் இடிச்சுப்போடோணும்னுதான் வேண்டிக்கிட்டு வந்தேன்.”