கிளவுஸ் கணக்கு

“பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்கண்ணா, இந்த சிஸ்டத்துக்கு?”

ஹெப்சி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சின்னக் கம்பெனிகள் வாங்கிப் போட்ட ஈ.ஆர்.பி. என்கிற ஸ்டாக், ஆர்டர் கணக்கு மென்பொருள் தேறியதா, தோற்றதா என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளில் ஏறி இறங்கிக் கேட்டு எழுதுவது அவள் வேலை. இது பதினான்காவது. மற்ற பதின்மூன்றிலும் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டு நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“இங்க ஒண்ணுலதான் திட்டமும் நடப்பும் அப்படியே ஒத்துப்போகுதுண்ணா.”

ஸ்டோர் கீப்பர் ஷாகுலின் கண் திரையிலேயே இருந்தது.

காலையில் சிஸ்டம் தானாகப் போட்ட இந்த வாரத் தேவைப் பட்டியல். ஆள்வாரியாக கிளவுஸ். தகடு இழுத்து இழுத்து வலது கை கிளவுஸ்தான் முதலில் கிழியும் என்பதால், இரும்புத் தகடு அடிக்கும் இந்தப் பிரஸ் பட்டறையில் இடதையும் வலதையும் தனித்தனியாகத்தான் வாங்குவார்கள். ஆளுக்கு இடது ஒன்று, வலது இரண்டு.

பதினோரு பேருக்கு அப்படித்தான் இருந்தது.

அஃப்தாப்: இடது 1, வலது 0.

அஃப்தாப் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்பவன். ஷாகுலின் தங்கை இஃப்ராவைக் கட்டியவன்.

தப்பு என்றுதான் ஷாகுலும் முதல் தடவை நினைத்தான். போன வருஷம் ஐசக் பெயருக்கு நேரே இதே பூஜ்யம் வந்தது. சிரித்துக்கொண்டே பேனாவால் இரண்டு என்று திருத்தி ஆர்டர் போட்டான். மூன்றாம் நாள் ஐசக்கின் வலது கையை மெஷின் வாங்கிக்கொண்டது. அவனுக்கென்று வந்து இறங்கியதில் வலது இரண்டும் அப்படியே மிஞ்சின.

பிப்ரவரியில் பாட்சாவுக்கு இடது பக்கம் பூஜ்யம் வந்தது. அந்த வாரமே இடது கை மணிக்கட்டோடு போனது.

மென்பொருள் கம்பெனியில் கேட்டான். நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துத்தான் ஓடுகிறது, நாங்கள் ஒரு எழுத்துகூட தட்டுவதில்லை என்றார்கள். கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சார் வாங்க ஒதுக்கிய பணத்தில்தான் இந்த சிஸ்டத்தை வாங்கியது. அப்படி வாங்கிய முதலாளி ஷ்யாம்சுந்தரிடமே பட்டியலைக் கொண்டுபோய் நீட்டினான்.

“ஒரு கிளவுஸுகூட வேஸ்ட் ஆகாம பாத்துக்குது இல்ல? அப்ப நல்லா வேலை செய்யுதுன்னுதான அர்த்தம். போய்யா.”

ஷாகுல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“ஒரு நிமிஷம் மேடம்.”

ஷெட்டில் அஃப்தாப் தகட்டை உள்ளே தள்ளுவதும் பெடலை மிதிப்பதுமாக இருந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவன் விரலுக்கும் மேலிருந்து இறங்கும் டை அச்சுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. ஷாகுல் அவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

“மச்சான், ஆஃப் பண்ணு. வேளச்சேரில ஒரு சாம்பிள் குடுக்கணும். வண்டிய எடு.”

“இன்னா மச்சான், என்னைய கொரியர் ஆக்கிட்ட? டார்கெட்டு பாதிதான் ஆயிகீது. சம்பந்தம் சார் கத்தப் போறாரு.”

“சூப்பர்வைசர நான் பாத்துக்கிறேன். குடுத்துட்டு அப்டியே வூட்டுக்குப் போ. இன்னிக்கு மெஷின் பக்கமே வராத.”

“பட்டப்பகல்ல வூட்டுக்குப் போனா, வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னு உன் தங்கச்சி ஒப்பாரி வெப்பா. நீதான் வந்து சொல்லணும்.”

சிரித்துக்கொண்டே சாம்பிள் டப்பாவை வாங்கிக்கொண்டு போனான். கேட்டைத் தாண்டி வண்டி ரோட்டில் ஏறும்வரை ஷாகுல் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நாலாம் நம்பர் பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தாகமே எடுத்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

திரும்பி வந்தபோது ஹெப்சி டீ குடித்து முடித்திருந்தாள்.

“எங்கண்ணா, ஆளையே காணோம்?”

“பிரஸ்ஸுல ஒருத்தர மாத்த வேண்டியிருந்தது. வெளி வேலைக்கு அனுப்பிட்டு வரேன். கேளுங்க மேடம், இப்ப கேளுங்க.”

அவள் வரிசையாகக் கேட்டாள். அவன் மளமளவென்று சொன்னான். ஸ்டாக் சரியாக இருக்கிறதா, இருக்கிறது. ஆர்டர் நேரத்துக்குப் போகிறதா, போகிறது. இடையில் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தான்.

“கடைசிக் கேள்விண்ணா. நிலைமை மாறினா, சிஸ்டம் தானா கணக்க மாத்திக்குதா?”

ஷாகுலே ஆசையாகப் பட்டியலைத் திரும்ப வரவழைத்தான். வலது இரண்டு என்று வந்திருக்கும் என்று நினைத்தான்.

அஃப்தாப்: இடது 0, வலது 0.

“நீங்க எதுனா தட்டினீங்களா மேடம்?”

“நான் ஏண்ணா தொடப்போறேன்? உங்க பாஸ்வேர்டுகூட எனக்குத் தெரியாது.” அவள் திரையை எட்டிப் பார்த்தாள். “ஆள வெளிய அனுப்பினதும் அதான் மாறியிருக்கே. காலையில ஒரு பக்கம் ஒண்ணு இருந்தது.”

‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

ஷாகுல் போனை எடுத்து அஃப்தாப்புக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. கட் ஆனதும் மறுபடி அடித்தான்.

டிக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்று அதில் நிமிடக் கணக்கில் எழுத வேண்டும்.

“அவர வெளிய அனுப்பி எவ்ளோ நேரம் ஆச்சுண்ணா?”