எண்பத்து நாலு மாத்திரை

"எண்பத்து நாலு நாளும் என் காதுல பூ சுத்தியிருக்க, அப்படித்தானே?"

நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்தால்தான் 'நீ' வரும். மற்ற நேரத்தில், போதையில் வாசற்படியிலேயே சரிந்து கிடப்பவரைக்கூட 'எழுந்திரிங்க' என்றுதான் எழுப்புவார். எதிரே உட்கார்ந்திருந்த டெய்லர், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்காமல், மேசை விரிப்பின் ஓரத்தில் பிரிந்திருந்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளில் இருந்தது ஒரே விஷயம். ஈரலை அரிக்கிற ஹெபடைடிஸ் கிருமி போகவில்லை. மருந்து முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தும், கொஞ்சங்கூடக் குறையாமல், பழைய அளவிலேயே சௌக்கியமாக இருந்தது.

அந்த மையத்துக்கு இரண்டே அறை, கீழே மருந்துக் கடை. ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவர்கள் பழைய ஊசியைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிப் போவார்கள். ஏன் இன்னும் விடவில்லை என்று யாரும் குடைய மாட்டார்கள். ஒருவர் குத்திய ஊசி இன்னொருவர் கைக்குப் போகாமல் இருந்தால் அங்கே அதுவே பெரிய விஷயம்.

டெய்லர் பழைய ஊசிகளை டப்பாவில் போட்டு, ஒன்றுகூட விடாமல் கொண்டுவருவார். ஊசி விஷயத்தில் உங்களை அடிச்சுக்க ஆளில்லை என்று நர்ஸம்மா கேலி செய்வதுண்டு. பிறகு ஊசியையே விட்டு, போதை ஏக்கத்தை அடக்க நாக்கடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரைக்கு மாறினார். ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் காலை ஒன்பதுக்கு ஆஜர். அதனால்தான் ஈரல் மருந்து வந்தபோது நர்ஸம்மா முதல் பெயராக அவர் பெயரை எழுதினார். வந்தது எட்டுப் பேருக்கு, கேட்டது முப்பது பேர்.

மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. நர்ஸம்மாவின் முன்னால் விழுங்க வேண்டும். முதலில் ஈரல் மாத்திரை, அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர். அடுத்ததாக நாக்கடி மாத்திரை. அது கரையும்வரை ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. அதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றுவிடுவார். இந்த வரிசையை வகுத்தவரே நர்ஸம்மாதான். ஓட்டை அங்கேதான் என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேனே. எங்க வச்சிருந்த?"

டெய்லர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். மேல் கடவாயில் இரண்டு பல் விழுந்த இடம்.

"தெருவுக்குப் போனதும் எடுத்துடுவேன்."

"வித்துட்டியா?"

டெய்லர் பிரிந்த தையலை விரலால் நீவிவிட்டார். "ஆமான்னே எழுதிக்குங்க, நர்ஸம்மா."

நர்ஸம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மருந்து கிடைக்காத இருபத்திரண்டு பேரில் ஒருவர் போன மாதம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். அந்த இடத்தை இந்த ஆளுக்குக் கொடுத்தோமே என்று மனம் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் தாறுமாறாக ஏதாவது வந்துவிடும் என்று, எழுந்து போங்கள் என்று கையால் மட்டும் காட்டினார்.

ஏமாற்றியவருக்கு இரண்டாவது முறை மருந்து கிடையாது. டெய்லரின் ஈரலோ ஏற்கெனவே பாதிக்குமேல் தழும்பு. இப்படியே விட்டால் இரண்டு வருஷம், மிஞ்சிப் போனால் மூன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது டெய்லருக்கும் தெரியும். தெரிந்தும் மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல ஒன்பது மணிக்கு வந்து நின்றார். சூடு சுரணை இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டே நாக்கடி மாத்திரையை எடுத்துக் கொடுத்தார் நர்ஸம்மா.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. வீட்டு ஆள் யாராவது, பக்கத்தில் இருந்து விழுங்க வைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால், மேலிடத்துக்கு எழுதி இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம். கோப்பைப் புரட்டினார். உறவினர் என்ற இடத்தில் தம்பியின் போன் எண் மட்டும் இருந்தது.

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வந்தான். இங்கே நுழைவதை யாராவது பார்த்தால் வேலைக்கே வேட்டு என்றான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கையெழுத்துப் படிவத்தைத் தொடக்கூட இல்லை. அண்ணனோடு பேசி ஆறு வருஷமாகிறதாம். பதினேழு வயதில் தன் கையில் முதல் ஊசியைக் குத்திவிட்டதே அந்த ஆள்தானாம்.

"கல்யாணத்தோட நான் அந்தப் பழக்கத்தையே தலைமுழுகிட்டேன், நர்ஸம்மா. போன வருஷம் ரத்தம் பார்த்தப்ப எனக்கும் இதே கிருமின்னாங்க. இந்த மாதிரி இடத்துல வந்து பேரு குடுக்க முடியுமா? அம்மாதான் காப்பாத்துனாங்க. ஒரு ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறாங்க. அங்க யாரோ ஒரு டாக்டர் கையக் காலைப் பிடிச்சு மருந்து வாங்கிட்டு வந்தாங்க. ஒரு நாள் விடாம முழுங்கினேன். இப்ப ஒரு பொட்டுக் கிருமி இல்ல. அவனும் அதே வயித்துல பொறந்தவன்தானே, அவனுக்கு மட்டும் என்ன கேடு?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் நர்ஸம்மாவுக்குப் பட்டது. படிவத்தைக் கோப்புக்குள் திரும்ப வைத்துக்கொண்டே, வீட்டில் டப்பா டப்பாவாக மருந்தை வைத்துக்கொண்டு, யாரும் நின்று பார்க்காமலேயே ஒழுங்காகப் போட்டீர்களே, அது பெரிய விஷயம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார்.

"டப்பாவெல்லாம் ஏது? அம்மா தினம் ஒண்ணே ஒண்ணு காகிதத்துல மடிச்சுக் கொண்டு வருவாங்க," என்றான் தம்பி, வாசல் பக்கம் திரும்பியபடி. "அதுவும் எப்பப் பார்த்தாலும் ஈரமா, மேல்பூச்சு பாதி கரைஞ்சுதான் இருக்கும். கேட்டா, கை வேர்வைம்பாங்க."