மாமனார் விற்கும் இடம்

“அப்பா, உங்க லென்ஸ் பெட்டியைப் பெரிய சந்தையில ஏலத்துக்குப் போட்டிருக்கீங்களா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டாள் மகள்.

“காலையிலதான் போட்டேன். அதுக்குள்ள ஆளாளுக்கு ஏத்தி விட்டுக்கிட்டு இருக்காங்க,” என்றார் அப்பா. கைபேசியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது பார்வை சோதிக்கும் லென்ஸ்களை வரிசையாக அடுக்கிய மரப்பெட்டியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். பழைய சாமான் சேர்க்கிறவர்கள் அந்த மாதிரிப் பெட்டிக்கு அலைவார்கள்.

“உங்க மாப்பிள்ளையும் இணையத்துல ஒரு ஏலச் சந்தை நடத்துறார். ஞாபகம் இருக்கா?”

“டயர் கடை மாடியில. ரெண்டு மேசை, ஒரு மின்விசிறி. அது எப்படி மறக்கும்?”

“முன்பின் தெரியாதவங்கள்லாம் நம்பி வந்து அங்கே போடுறாங்க. சொந்த மாமனார் எதிராளி கடைக்குப் போறீங்க. நான் அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

“முழிக்கக் கஷ்டமா இருந்தா சொல்லு, ஒரு கண்ணாடி போட்டுத் தர்றேன்.”

சமையலறையில் அம்மா சிரிப்பது கேட்டது. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அங்கே பிடிக்கிற கமிஷன்ல பாதிதான் இவர் பிடிக்கிறார்.”

“ஒத்துக்கறேன்.”

“தகராறுன்னா இவரே ஃபோனை எடுத்துப் பேசுவார். அங்கே மெஷின்தான் பேசும். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னே ஆளைக் கொன்னுடும்.”

“அதையும் ஒத்துக்கறேன்.”

“பின்னே என்னப்பா?”

“ஏலம்னா கூட்டம் வேணும்டி. நடத்துறவர் தங்கமானவர்ங்கிறதுக்காக விலை ஏறுமா? ஒருத்தன் கேட்டா, விடமாட்டேன்னு இன்னொருத்தன் எதிர்த்துக் கேக்கணும். பெரிய சந்தையில மல்லுக்கட்டுறாங்க. மாப்பிள்ளை சந்தையில ஒருத்தன் கேட்டுட்டு உக்காந்தான்னா, அடுத்தவன் வர்றதுக்குள்ள அவனுக்குத் தூக்கம் வந்துடும்.”

“எல்லாரும் இப்படியே நினைச்சா அங்கே எப்பக் கூட்டம் சேர்றது?”

“நல்லாக் கேட்டே. உன் தோள்ல தொங்குற பை எங்கே வாங்கினது?”

மகள் பையை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளினாள். “அது… அவசரத்துக்கு வாங்கினது.”

“பெட்டியையும் அவசரத்துக்குத்தான் விக்கிறேன்.”

அவள் குரல் இறங்கியது. “விளையாட்டு இல்லப்பா. சந்தையை மூடிடலாமான்னு யோசிக்கிறார். விக்க வர்றவன் ஒரு தடவை வெறுங்கையோட திரும்பிப் போனா, அதுக்கப்புறம் எட்டிப் பாக்கமாட்டானாம். அந்தக் கவலையில அவருக்குச் சாப்பாடே இறங்கல. உங்க பெட்டி அங்கே இருந்திருந்தா, அதைப் பாக்கவாவது நாலு பேர் வந்திருப்பாங்க.”

அப்பா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். “மூடணும்னு மாப்பிள்ளையே சொன்னாரா?”

“சொல்லாம? சொந்தக்காரங்களே இப்படிப் பண்ணினா, அவர் மட்டும் எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார்?”

அம்மா எட்டிப் பார்த்தாள். “சண்டையை உக்காந்து போடு. உள் அறையில நாற்காலி இருக்கு, இழுத்துப் போட்டுக்கோ.”

“வேணாம், வேணாம்! இங்கேயே உக்காரு, நான் நின்னுக்கறேன்,” என்று அப்பா பதறி எழுந்தார்.

அதற்குள் மகள் உள் அறைக் கதவைத் தள்ளிவிட்டாள். கதவு பாதிதான் திறந்தது. பின்னால் எதுவோ முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு நாய்க் கூண்டு. அதற்குள்ளே கால் இல்லாத உலக உருண்டை, ஒற்றைக் கைக்கு மட்டும் ஒரு குத்துச்சண்டை உறை. பக்கத்தில் மீன் தொட்டி. சுவரோரமாக, பிரிக்கவே பிரிக்காத அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவள் கணவனுடைய சந்தையின் பச்சை ஒட்டுத்தாள். அதை வரைந்து கொடுத்தவளே அவள்தான்.

“நம்ம வீட்டுல நாயே இல்லையேப்பா!”

“அந்தக் கூண்டை யாருமே கேக்கலைம்மா,” என்றார் அப்பா, திருட்டு முழியோடு. “முடியற நேரம் ஆயிடுச்சு. விக்க வந்தவன் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவானேன்னு…”

“நாயாவது நாளைக்கு வாங்கிக்கலாம்,” என்றாள் அம்மா. “அந்த மூலையில பாரு, முடிவெட்டுற நாற்காலி. இந்தத் தலைக்கு!”

அப்பா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

“இவ்வளவும் நீங்களா? அவருக்கு இது தெரியாதா?”

“பக்கத்து வீட்டுத் தையல்காரர் பேர்லதான் வாங்குறேன். தெரிஞ்சா மாப்பிள்ளை விடுவாரா? ரோஷக்காரர். நீயும் உளறி வைக்காதே.”

மகள் முடிவெட்டும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அது அரைச்சுற்றுச் சுற்றி அவளை அப்பாவுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது. கண்ணைத் துடைப்பதா, சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அப்புறம் ஏம்பா உங்க பெட்டியை மட்டும் கொண்டுபோய் அங்கே போட்டீங்க?”

அப்பாவின் கைபேசி சிணுங்கியது. யாரோ விலையை இன்னும் ஏற்றியிருந்தார்கள். அவர் முகம் மலர்ந்தது.

“அங்கே நல்ல விலைக்குப் போனாத்தானேம்மா, இங்கே நான் வாங்கிக்கிட்டே இருக்க முடியும்?”