சிட்டு பார்க்கும் இடம்

சன்னலோர நந்தியாவட்டையில் கூடு கட்டியிருந்த தையல்சிட்டு, சகாயராணி கழித்துப்போட்ட சிவப்பு நூலைக் கொண்டுதான் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்திருந்தது. நான்கு நாளாகப் புழு பூச்சி பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்த அது, இன்று மத்தியானம் வாலை விறைத்துக்கொண்டு வீறிடத் தொடங்கியது. கட்டைவிரல் அளவு உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம். அவள் எட்டிப் பார்த்தாள். செடியடியிலிருந்து ஒரு பாம்பு சுவரோரமாக நழுவி மறைந்தது. பாம்பு பிடிக்கிற இசக்கிமுத்துவுக்குப் போன் போட்டு, அதைக் காதில் வைத்தபடியே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“வந்துக்கிட்டே இருக்கேன் தங்கச்சி. நீங்க பாம்பைத் தேடாதீங்க, குருவியைப் பாருங்க. அது எங்க பாத்துக் கத்துதோ, அங்கதான் கெடக்கும்.”

சிட்டு செடியை விட்டு வாசல் கொடிக்கயிற்றுக்குத் தாவியது. திறந்துகிடந்த கதவைப் பார்த்துக் கத்தியது. பிறகு சன்னல் கம்பிக்கு வந்து, அறைக்குள் தலையை நீட்டிக் கத்தியது.

“இப்ப எங்க பாக்குது தங்கச்சி?”

அவள் சிட்டின் பார்வை போன வழியே கீழே குனிந்தாள். மெஷினுக்கடியில் குவிந்துகிடந்த வெட்டுத்துணிக்குள் அவள் பாதங்கள் கணுக்கால்வரை புதைந்திருந்தன. சிட்டின் கண் அந்தக் குவியலை விட்டு நகரவே இல்லை.